கோடாரிக்குப் பயந்த மரம்

"இன்னிக்கு வெட்டியே தீருவேன்! காய்க்காத மரம் எனக்கு எதுக்கு?"

மோபேகிம் கோடாரியை ஓங்கினாள். பக்கத்து வீட்டு குல்பஹோர் ஓடிவந்து, பூத்து நின்ற பிஸ்தா மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா! இந்த ஒரு வருஷம் விட்டுடுங்க. கட்டாயம் காய்க்கும், நான் ஜாமீன்!"

காய்க்காத மரத்தை வசந்தத்தில் ஒருத்தர் மிரட்டுவதும், இன்னொருத்தர் ஜாமீன் நிற்பதும் அந்தத் தாஜிக் மலையூரின் வழக்கம். சொல்லி முடித்ததும் இருவரும் சிரித்துவிடுவார்கள். இந்த முறை மோபேகிம் சிரிக்கவில்லை.

"நிஜமாத்தான் சொல்றேன் குல்பஹோர். மூட்டை மூட்டையா காய்ச்ச மரம் இது. மருமக கால் வெச்சதுலேருந்து, ஆறு வருஷமா வெறும் ஓடு. உள்ளே பருப்பே இல்ல. அவ மடியும் அப்படித்தான். இந்தத் தடவையும் ஓடுதான்னா, மரம் அடுப்புக்கு, இவ அம்மா வீட்டுக்கு!"

தேநீர்க் கெண்டியோடு வந்த மருமகள் மெஹ்ரி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவளைக் கட்டிக்கொண்டு ஜாமீன் சொல்ல யாரும் ஓடி வரவில்லை.

மறுநாள், கீரை பறித்து வருகிறேன் என்று மலையேறிப் போனவள் மாலையில்தான் திரும்பினாள். வழி நெடுகப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. அது அவளுக்குப் பழகிப்போன விஷயம்.

செப்டம்பரில் கிளைகள் பாரம் தாங்காமல் தாழ்ந்தன. வெயிலில் ஓடுகள் டக், டக்கென்று வாய் பிளந்தன. உள்ளே பச்சைப் பருப்பு.

"பாத்தியா! கோடாரின்னா மரத்துக்கும் பயம்தான்!" என்றபடி ஏணியில் ஏறிய மோபேகிம், உச்சிக் கிளையில் துணியால் கட்டியிருந்த காய்ந்த கொப்பு ஒன்றைப் பிடுங்கினாள். "இதென்னடி, சூனியமா?"

"பூங்கொப்பு அத்தே. மலைக்கு அந்தப் பக்கம் ஆண் மரம் ஒண்ணு நிக்குது. அதுல ஒடிச்சு வந்து கட்டினேன். அந்தப் பூவோட தூள் காத்துல பறந்து இந்தப் பூவுல ஒட்டினாத்தான் உள்ளே பருப்பு பிடிக்கும்."

"முன்னெல்லாம் இதுக்கு எவளும் கொப்பு கட்டலையே?"

"அப்போ ஆண் மரம் பக்கத்துலயே இருந்துச்சே! ஒரு காய்கூடக் காய்க்காத தண்டம்னு, எங்க கல்யாணப் புலாவுக்கு விறகா வெட்டினீங்களே, அதுதான்." மெஹ்ரியின் குரல் தாழ்ந்தது. "அதுக்கு நாலாம் நாள் உங்க மகன் மாஸ்கோவுக்கு ரயிலேறினாரு. இன்னும் திரும்பல. மரத்துக்கு நான் கொப்பு கட்டிட்டேன் அத்தே. எனக்கு?"

மோபேகிம் மெல்ல இறங்கினாள். கொப்பை ஏணியடியில் வைத்தாள். பிறகு இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை மட்டும்தான் கூப்பிடணும்னு சொல்லியிருக்காரே அத்தே..."

"வெள்ளியாவது, செவ்வாயாவது! இன்னிக்கே கிளம்பி வரச் சொல்றேன். அழாதேடி, உனக்கு நான் ஜாமீன்!"

ஸ்பீக்கரில் மணி நான்கு முறை அடித்தது. எடுத்தது ஒரு சின்னப் பெண்ணின் குரல், மழலை மாறாத ருஷ்ய மொழியில்:

"அப்பா குளிச்சிட்டிருக்காங்க. நீங்க யாரு?"