அடுப்பிலிருந்து குதித்த கரித்துண்டு

1962ஆம் ஆண்டு ஜூன் 14, வியாழக்கிழமை; வானம் மூடியிருந்தது, மழை இல்லை. சேரி மக்களுக்குத் தனிக் குவளையில் தேநீர் கொடுத்த கடையொன்றின் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு வெளியே குதித்தது. புகையேறிய சுவரில், "எல்லாருக்கும் ஒரே குவளை" என்று எழுதியது. கறுத்த சுவரில் அது யார் கண்ணிலும் படவில்லை.

வெள்ளையடிக்கும் மட்டை மட்டும் பார்த்துவிட்டது. "அடுப்பில் வேகிற பயலே, உனக்கு எழுத்து ஒரு கேடா?" என்று சீறிச் சுவர் முழுவதும் சுண்ணாம்பு பூசியது.

கரித்துண்டு பாதியாகத் தேய்ந்திருந்தது. இன்னொரு முறை எழுதினால் மிஞ்சாது என்பதும் அதற்குத் தெரியும்.

"அண்ணே, சுவரைப் பளிச்சென்று ஆக்கிவிட்டீர்களே! இனிக் கண் மங்கியவரும் படிப்பார்" என்று சிரித்தது. அதே வரியை இன்னும் பெரிதாக எழுதிக் கடைசி எழுத்தோடு பொடியாய் உதிர்ந்தது.

தெருவே நின்று படித்தது. மறுநாள் தனிக் குவளையை எவரும் கையில் வாங்கவில்லை. மாதம் முடியுமுன் கடைக்காரர் தனிக் குவளைகளை அகற்றினார்.