ரொட்டிக்கடைக்காரரின் சாட்சி

"அன்பான சகோதர சகோதரிகளே, என் ரொட்டிக்கடை இன்னிக்கு இவ்வளவு செழிச்சிருக்குன்னா, அதுக்குக் காரணம் நான் இல்லை" என்று ஆரம்பித்தார் ரொட்டிக்கடைக்காரர். மைக்குக்குப் பதிலாகக் கையில் மாவு உருட்டும் கட்டை இருந்தது.

"வாஸ்தவம்தான். மாவு பிசையறது நான்" என்றாள் மனைவி, தட்டுகளுக்கு வெண்ணெய் தடவியபடி.

கடையைச் சாத்திவிட்டு இருவரும் பின்னறையில் மறுநாளுக்கான வேலையில் இருந்தார்கள். வேலை செய்தது அவள். அவர் ஒத்திகையில் இருந்தார்.

மத்தியானம் போனை எடுத்துப் பேசியவள், "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நீங்க வந்து சாட்சி சொல்லணுமாம்" என்று சொன்னதிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. நாளை வெள்ளிக்கிழமை, உபவாச ஜெபம். அவர் ஜெபித்த பிறகுதான் அடுப்பையே பற்றவைப்பார். எடையில் ஒரு துளி குறைத்ததில்லை. ஆனாலும் சபையில் எழுந்து நின்று, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்லும்படி இதுவரை யாரும் அவரை அழைத்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை கடை திறக்க மாட்டேன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"ஆராதனை முடிஞ்சு வந்து சாயங்காலம் வரைக்கும் நீங்க விடற குறட்டையைக் கேட்டுச் சிரிச்சாங்க."

"அதையுமா சொல்லணும்?"

"நடந்ததை நடந்தபடி சொல்லணும்னு போன்ல கண்டிப்பாச் சொன்னாங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அற்புதத்துக்கு வந்தார்.

"போன மாசம் முதல் முறையா நம்ம கடைக்கு ஒரு லாரி நிறைய மாவு வந்துச்சு. பின்னால நின்னு 'வா, வா'ன்னு டிரைவருக்கு வழி காட்டினேன். அத்தனை மூட்டையைப் பார்த்ததும் மனசு நிறைஞ்சு கண்ணை மூடி ஸ்தோத்திரம் பண்ணினேன். கண்ணைத் திறந்தா, கர்த்தர் எனக்கு ஒரு வாசலைத் திறந்திருந்தார்."

"லாரி இடிச்சுத் திறந்தது எதிர்க்கடைச் சுவர்."

"எதிர்க்கடைக்காரர் தன் ரொட்டிக்கடையைச் சாத்தினதாலதானே அந்த வாடிக்கையெல்லாம் நம்மகிட்ட வந்துச்சு?"

"அது இருக்கட்டும். கண்ணை மூடிக்கிட்டு வாய் என்ன சொல்லிச்சு?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். "'வாரும் ஆண்டவரே, வாரும்'னு..."

"ஆண்டவருக்குக் கேட்டுச்சோ இல்லையோ, டிரைவருக்குக் கேட்டுது. இவ்வளவு மரியாதையாக் கூப்பிடறாரேன்னு வந்துட்டார்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"பின்னால பார்க்காம ஓட்டினான்னு ஊரே அந்த மனுஷனைச் சொல்லுது. லைசென்ஸ் போனா அவர் குடும்பம் என்னங்க பண்ணும்? நீங்க இன்னும் வாயைத் திறக்கலை."

கட்டை கீழே இறங்கியது.

"நாளைக்கு எதிர்க்கடைக்காரர் வருவாரா?"

"முன்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பார்."

"டிரைவர்?"

"வருவார். பாவம், நின்னுக்கிட்டே இருப்பார்."

"எதுக்கு நிக்கணும்? நான் நாற்காலி போடச் சொல்றேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஏற்கெனவே தடவிய தட்டுக்கே மறுபடி வெண்ணெய் தடவினாள்.

அவர் மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்தார். "ஊருக்கெல்லாம் சரியா நிறுத்துக் கொடுத்தேன். இந்த ஒரு விஷயத்துல மட்டும் தராசுத் தட்டுல விரலை வச்சிட்டேன். ஆண்டவரைக் கூப்பிட்டா லாரி வருது, அதை அற்புதம்னு வேற சொல்லப் பார்த்தேன். என்னை மாதிரி ஒரு விசுவாசி போதும், சபை விளங்கிடும்."

"அப்ப என்ன சொல்லப் போறீங்க?"

"டிரைவர் மேல தப்பில்லை, வழி காட்டினவன் கண்ணை மூடியிருந்தான்னு சொல்லிடறேன். எல்லாரும் சிரிச்சாலும் சரி. எதிர்க்கடைச் சுவரையும் நானே கட்டித் தரேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"மாற மாட்டேன். அந்த வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சு வை. வேதப்புத்தகத்தையும் எடுத்து வை."

"சட்டை தேய்ச்சாச்சு. புத்தகம் வேண்டாம், சத்தியம் வாங்கறதுக்கு அவங்களே வச்சிருப்பாங்க" என்றாள் அவள், வெண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே. "போன் பண்ணினது டிரைவரோட வக்கீல். சபையிலேர்ந்துன்னு நான் எப்பங்க சொன்னேன்?"