கொடியில் காய்ந்த நிறம்

இந்தப் பருவத்துக்கு எந்த நிறம் என்று சாருஜா தன் வீடியோவில் சொன்னால், கோப்பாய்ப் பெட்டைகள் மறுகிழமையே அதை உடுத்திவிடுவார்கள். அவளுக்கு எப்படித் தெரிகிறது என்று எல்லாருக்கும் வியப்பு. பக்கத்து வீட்டுப் பியாட்றிஸ் ரீச்சரின் உடுப்புக் கொடியை அவள் எட்டிப் பார்ப்பது யாருக்கும் தெரியாது.

கார்த்திகைக் கடைசியில் கொடியில் ஊதா காய்ந்தது. “பழைய வெள்ளைச் சட்டைக்கு மேலை ஊதாச் சால்வை போடுங்கோ” என்றாள் சாருஜா. பிறகு வெள்ளை வந்தது. வைகாசியில் ஒரேயொரு கிழமை சிவப்பு. எல்லாமே எடுபட்டன.

ஆனியில் பச்சை வந்தது. ஆடியிலும் பச்சை. ஐப்பசியாகியும் பச்சைதான்.

“அக்கா, உங்களுக்கு வேறை நிறமே தெரியாதோ?” என்று பார்ப்பவர்கள் நக்கலடிக்கத் தொடங்கினார்கள். பொறுக்கமாட்டாமல் சாருஜா வேலிக்கு ஓடினாள்.

“ரீச்சர், நிறம் தெரிஞ்செடுக்கிறதிலை உங்களை அடிக்க ஆளில்லை. ஆனா எத்தினை மாசமா உந்தப் பச்சை? அலுக்கேல்லையோ?”

“நான் என்ன பிள்ளை செய்யிறது? அது எங்கடை சேர்ச் பீடத்து விரிப்பு, திருச்சபைக் காலத்துக்குத் தக்கதா நிறம் மாறும். தோய்க்கிறது மட்டும்தான் என்ரை வேலை. கார்த்திகைக் கடைசி வரைக்கும் பச்சைதான், பிறகு ஊதா.”

சாருஜா கொடியில் கிடந்த பச்சையைத் திரும்பவும் எட்டிப் பார்த்தாள்.

“எங்கடை போதகரும் உன்ரை வீடியோ பாக்கிறவர்” என்று ரீச்சர் சிரித்தார். “திருச்சபைக் காலங்களை இவ்வளவு சுத்தமாச் சொல்லுற பிள்ளை எந்தச் சபையெண்டு கேட்டவர். நான் வீடியோவை நிப்பாட்டி, உன்ரை நெத்தித் திருநீறைக் காட்டின பிறகுதான் நீ ஒரு சபையும் இல்லையெண்டு நம்பினவர்!”