சுண்ணாம்புக் கோடு

கையும் கோணியுமாகப் பிடிபட்டார் மருமகன். விடிந்தும் விடியாத நேரத்தில் மரச்சில்லுக் கொட்டகையிலிருந்து அவர் வெளியே வந்ததைக் காவலாளியே பார்த்துவிட்டான்.

"கோணி காலியாத்தான் இருந்துச்சுங்க ஐயா," என்றான் அவன்.

"உன்னப் பாத்ததும் கொட்டிட்டிருப்பாரு. திருடுறதுக்கும் ஒரு சாமர்த்தியம் வேணுமே!" என்றார் பெரியவர்.

மூன்று தலைமுறையாக மரம் விற்ற குடும்பம் பெரியவருடையது. ஆலையின் கொதிகலனுக்கு எரிபொருள் தர ஒப்புக்கொண்டு, பச்சை மரத்தை இயந்திரத்தில் சில்லாக்கி, பத்து டன்னைக் கொட்டகையில் காய வைத்திருந்தார். முதல் நாளே குவியலின் உச்சி எட்டிய இடத்தில் தூணில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தார். தச்சுப் பட்டறை வைத்திருந்த மருமகனைக் காவலுக்குப் பொறுப்பாக்கினார்.

மருமகன் வாராவாரம் குவியலைக் கிளறிவிட்டார். ஆவி பறந்தது; சில்லு காய்ந்தது; கோட்டுக்குக் கீழே இறங்கவும் செய்தது. பெரியவர் வாராவாரம் ஆட்கள் முன்னால் அந்தக் கோட்டைக் கைத்தடியால் தட்டினார்.

"என்ன மாப்பிள்ளை, சில்லுக்குக் கால் முளைச்சிருக்கா?"

"காஞ்சா குறையும் மாமா..."

"மரத்தப் பத்தி எனக்கே பாடமா? பத்துல ஒண்ணு குறையும். அதுக்கு மேல குறைஞ்சா அதுக்குப் பேரு வேற!"

இப்படி மூன்று மாதம் போனபின்தான் இந்தக் கோணி விவகாரம். பெரியவர் நேரே மருமகனின் பட்டறைக்குப் போய்ச் சோதனை போட்டார். தரை துடைத்துவிட்டது போலிருந்தது. தச்சுப் பட்டறையில் ஒரு சில்லுகூட இல்லை.

"தடயத்த எவ்வளவு சுத்தமாப் பெருக்கியிருக்காரு!" என்று வியந்தார்.

பத்து மணிக்குக் குவியல் முழுவதையும் லாரியில் ஏற்றி எடைமேடையில் நிறுத்தினார்கள். ஏழு டன். அதைப் பார்ப்பதற்கென்றே வரவழைக்கப்பட்டிருந்த சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார்.

"மூணு டன்! எங்க குடும்ப மானத்தையே கோணியில கட்டித் தூக்கிட்டுப் போயிருக்காரு உங்க பிள்ளை. இன்னையோட என் வாசப்படி மிதிக்கக் கூடாது."

"அப்பா, அவர் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க," என்றாள் மகள்.

"நீ எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு, போதும்."

மகள் இடுப்புக் குழந்தையோடு கணவன் பக்கத்தில் போய் நின்றாள். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லாரியின் மேல் ஏறி ஈரமானியைச் செருகிப் பார்த்த ஆலை அதிகாரி, சிரித்த முகமாக இறங்கினார். "அருமையாக் காஞ்சிருக்குங்க. சில்லு கொட்டின அன்னைக்கு நான் பாத்தப்ப பாதி எடை தண்ணி. இப்ப அஞ்சுல ஒரு பங்குதான்."

"அது கிடக்கட்டும். மூணு டன் எங்க போச்சுன்னு இவங்க காது குளிரச் சொல்லுங்க."

"ஆவியாப் போச்சு." அதிகாரி கைப்பேசியில் கணக்குப் போட்டார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடி போட்டார். "இன்னும் போயிருக்கணுமே... காஞ்ச மரம் அஞ்சு டன், மிச்ச ஈரம் ஒண்ணேகால். ஆறேகால் டன்தானே இருக்கணும்?"

எடைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெரியவரிடமே கேட்டார்:

"மேல முக்கால் டன் கொட்டினது யாருங்க?"