கதவு நிலையில் வளர்ந்த பிள்ளை

கோடுகள் இருந்தன.

கதவு நிலையின் இடது பக்கக் கட்டையில், என் மார்பு உயரத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரைக்கும், ஒன்றன்கீழ் ஒன்றாக. கத்தரிக்கோல் முனையால் கீறியது போல மெல்லிசாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வருஷம்.

இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தேன்.

காதில் போன். அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் மொத்தக் குடும்பமும்.

"என்ன பாப்பா, இருக்கா இல்லையா? பொய் சொன்னா உன் குரல் கீச்சுங்கும், தெரியும்ல?" என்றார் தாத்தா.

இந்த அறையில்தான் தாத்தாவின் அப்பா தங்கியிருந்தார். தையல்காரர். தாத்தாவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது பிழைக்க வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் அவர் இறந்த தகவல் மட்டும் ஊருக்குப் போனது.

எங்கள் வீட்டாரைப் பொறுத்தவரை அதற்கு முன்பே அவர் செத்துவிட்டார். தாத்தாவுக்குப் பத்து வயதானபோது, இங்கிருந்து ஊர் திரும்பிய ஒருவர் நடுத்தெருவில் நின்று சொன்னாராம்: "அவனுக்கு அங்க ஒரு பிள்ளை இருக்கு. கதவுக் கட்டையில உயரம் அளந்து வருஷா வருஷம் கோடு போட்டிருக்கான். என் கண்ணால பார்த்தேன்."

நான் வேலைக்கு வந்து எட்டு மாதமாகும் இந்த ஊர்தான் அந்த ஊர் என்று தெரிந்ததும், தாத்தா ஒரு பழைய உறையில் இருந்த விலாசத்தைப் படம் பிடித்து அனுப்பினார். தனக்கு ஒரு தம்பி இருந்தால் சாவதற்குள் தெரிய வேண்டும், இல்லையென்றால் அந்த மனுஷனை இத்தனை வருஷம் சும்மா வெறுத்துவிட்டோம் என்றாவது தெரிய வேண்டும் என்றார்.

இப்போது இந்த அறையில் சைக்கிள் டயர்கள் அடுக்கியிருக்கின்றன. கீழே கடை வைத்திருக்கும் அம்மாதான் கதவைத் திறந்துவிட்டார். அறை முழுக்கப் பெயின்ட் அடித்தபோதும் அந்தக் கட்டையை மட்டும் விட்டுவிட்டாராம். யாரோ ஒரு குழந்தை வளர்ந்த தடம், அதன் மேல் எப்படி பிரஷ் வைப்பது என்று கேட்டார்.

அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை.

"இருக்கு தாத்தா."

"சரி விடு, போட்டோ எடுத்துட்டுக் கிளம்பு," என்றார் சித்தப்பா.

"இருடா," என்றார் தாத்தா. "வருஷத்தைப் படி பாப்பா. சின்னப் பிள்ளையா இருந்ததுலேர்ந்து."

குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடிக்கோட்டிலிருந்து ஆரம்பித்தேன். அறுபத்தஞ்சு. அதற்கு மேலே அறுபத்திநாலு. அதற்கு மேலே அறுபத்திமூணு.

நிறுத்தினேன். எழுந்து மேலே பார்த்தேன். உச்சிக் கோட்டில் ஐம்பது என்று இருந்தது.

"தாத்தா, இது தலைகீழா இருக்கு. இந்தப் பிள்ளை கீழ்நோக்கி வளர்ந்திருக்கு."

"நீ நேராத்தான நிக்கற?" என்றார் சித்தப்பா.

இன்னும் நிமிர்ந்து பார்த்தேன். கோடுகளுக்கு நேர் மேலே, நிலையின் உச்சியில், துருப்பிடித்த ஒரு சின்ன ஆணி.

"மேல ஒரு ஆணி இருக்கு."

"நூலு," என்றார் தாத்தா. "எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது. என் பிறந்தநாளுக்கு என்னைச் சுவரோட நிக்க வச்சு, உச்சந்தலையிலேர்ந்து குதிகால் வரைக்கும் நூல் பிடிச்சு, வெட்டிச் சுருட்டி உறையில போட்டு எங்கப்பாவுக்கு அனுப்பும். அந்த அளவுக்குத்தான் சட்டை தைச்சு வரும்."

ஆணியில் நூலை மாட்டித் தொங்கவிட்டு, அது முடிகிற இடத்தில் ஒரு கோடு.

இந்த அறையில் எந்தப் பிள்ளையும் நின்றதில்லை.

"அப்போ அந்தாளு பார்த்தது..." என்று அப்பா இழுத்தார்.

"என்னைத்தான்," என்றார் தாத்தா.

கட்டையை விரலால் தடவிப் பார்த்தேன். ஐம்பத்தேழு வரைக்கும் ஒவ்வொரு கோடும் ஒரே கீறல், அழுத்தமாக. அதற்குக் கீழே எட்டு கோடுகள் லேசாக இருந்தன. எட்டுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அதையும் சொன்னேன்.

"அம்பத்தேழுல அந்தாளு வந்து சொன்னான். அடுத்த பிறந்தநாளுக்கு நான் நிக்க மாட்டேன்னு ஓடிட்டேன். அதுக்கப்புறம் நூல் போகலை." என்றார் தாத்தா. "கடைசிக் கோடு எவ்வளவு இருக்கு?"

கடைக்கார அம்மா டேப்பைக் கொண்டுவந்து, ஸ்டூலில் ஏறி, ஒரு முனையை ஆணியில் வைத்துப் பிடித்தார். அஞ்சே முக்கால் அடி.

சித்தப்பா வெடித்துச் சிரித்தார். "நம்ம வீட்டுல அந்த உயரத்துக்கு பீரோகூடக் கிடையாது!"

தாத்தா ஐந்தடி இரண்டு அங்குலம். அவர் சிரிக்கவில்லை.

"நூல் நின்ன பிறகும் சட்டை வந்துச்சு பாப்பா. வருஷத்துக்கு ஒண்ணு, எட்டு சட்டை. எல்லாமே எனக்குத் தொளதொளன்னு. அந்தப் பையன் போட்டுக் கழிச்சதுன்னு நெனச்சு, ஒண்ணைக்கூட நான் மேல போடலை. எங்கம்மாதான் எடுத்துப் பெட்டியில வச்சுது."

நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது. எங்கே போறீங்க, உக்காருங்க என்று அப்பா பதறினார்.

"பரண்ல எங்கம்மா பெட்டி இருக்கு. இறக்கித் தா," என்றார் தாத்தா. "எனக்கு எட்டாது."