சட்டைப்பையில் கற்கள்

முன்சக்கரத்தில் கழியைச் செருகினார்கள். தார்ச்சாலையில் குப்புற விழுந்தேன்.

முதல் அடி வாயில்.

கீழ்பென்னாத்தூருக்கு இன்னும் இரண்டு மைல். சாலையோரம் மல்லாட்டைச் செடிகளைக் குவித்து வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தவர்கள். ஆண்கள் ஐந்து பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். பெண்கள் குவியலருகிலேயே எழுந்து நின்று பார்த்தார்கள்.

“ஜெயிக்கறதுக்கு முன்னால போறவன கல்லால அடிக்கிறியா? பேண்ட்டு போட்டுக்கினு செய்யற வேலையாடா இது?”

அவர்கள் கண்டது உண்மைதான். என் மைத்துனன் காசியின் முதுகில் நான் கல் எறிந்தேன். என் சட்டைப்பையில் இன்னும் ஆறு கற்கள் இருந்தன. ஒருவன் அவற்றை எடுத்து மற்றவர்களுக்குக் காட்டினான்.

“அவனுக்குக் காது கேக்காதுங்க” என்றேன்.

“செவிட்டுப் பையனையாடா அடிச்ச?”

அதற்குப் பிறகு கழியால் அடித்தார்கள்.

காசிக்குப் பிறவியிலிருந்தே கேட்காது. அவன் வீட்டில் அம்மா கன்னியம்மாள் இரண்டு பிள்ளைகளையும் புளியங்கொட்டை எறிந்துதான் கூப்பிடுவார். சாலையில் கூழாங்கல். முதுகில் ஒரு கல் விழுந்தால் பின்னால் வண்டி வருகிறது, இடப்பக்கம் ஒதுங்கு என்று பொருள்.

காலையில் என் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கன்னியம்மாள் சொன்னார்: “இவனையாவது பத்திரமா இட்டாந்துடுங்க மாப்ளே.”

எழுபத்தொன்பதாம் வருடத்துச் சுதந்திர தினச் சைக்கிள் போட்டி அது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போய்த் திரும்ப வேண்டும். நாற்பத்தைந்து மைல். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போன தருமனும் வந்திருந்தான். “நடந்தா நான் கடைசி. மிதிச்சா நீங்கதான் சார் கடைசி” என்று சிரித்துவிட்டு முதல் மைலிலேயே எங்களைத் தாண்டிப் போனான். சீட்டில் உட்கார்ந்தவன் நொண்டுவதில்லை. காசியிடம் நாற்பத்தைந்து மைலுக்கு யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

என்னிடமும்.

விலாவில் ஓர் உதை. உள்ளே ஏதோ ஒடிந்தது எனக்கே கேட்டது. வலிக்கிறதா என்று பார்த்தேன். வலித்தது.

கால்களுக்கு நடுவே காசி தெரிந்தான். ஐம்பதடி தள்ளி நின்றிருந்தான். நான் எறிந்த கல்லுக்கு ஒதுங்கியபோது செயின் கழன்றிருக்க வேண்டும். ஓரமெல்லாம் மல்லாட்டை பரப்பியிருந்ததால் சாலையிலேயே குந்தி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி செயினை மாட்டிக்கொண்டிருந்தான்.

தாரில் கன்னம் பதிந்திருந்த எனக்கு லாரி முதலில் அதிர்வாகத்தான் வந்தது. பிறகு ஆரன். என்னை இழுத்துக்கொண்டு எல்லோரும் ஓரம் போனார்கள். லாரி எங்களைக் கடந்தது. வேகம் குறையவில்லை. ஆரன் கேட்டால் ஒதுங்காதவன் உண்டா?

“யோவ்! லாரி! லாரி!”

ஐந்து பேரும் கத்தினார்கள். பெண்களும் கத்தினார்கள். அவனுக்குக் கேட்காது என்று சற்றுமுன் நான் சொல்லியிருந்தேன். ஆனாலும் கத்தினார்கள்.

ஓரத்தில் ரோட்டு ஜல்லி கிடந்தது. முட்டி போட்டு எழுந்து, கைக்குக் கிடைத்ததை முழு பலத்தோடு எறிந்தேன்.

பின்மண்டையில் விழுந்தது.

காசி திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே இடப்பக்கம் பாய்ந்தான். லாரி சைக்கிளின் மேல் ஏறி, நசுக்கி, கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய் நின்றது.

மல்லாட்டைக் குவியலிலிருந்து எழுந்தான். பின்மண்டையைத் தொட்டு, கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

கழி வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டான். என்னைத் தூக்கி உட்காரவைத்து வாயைத் தன் துண்டால் துடைத்தான்.

“இன்னா சார் நீங்க. கல்லெறிஞ்சிதான் கூப்புடணும்னு மொதல்லயே சொல்லக்கூடாதா?”

ஓரத்தில் கிடந்த ஜல்லி ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அதே வருடம் தை மாதம், இதே சாலை. காசியின் அக்காள் உண்ணாமலை எனக்குப் பத்தடி முன்னால் நடந்துகொண்டிருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். பின்னாலிருந்து பஸ் வந்தது. என் காலடியில் ஜல்லி குவிந்து கிடந்தது.

நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்று முறை.