ஊதா நண்டு

"ஊதா நண்டு மேடத்துக்கு சர்க்கரை இல்லாம ஒரு டீ!"

டீ அக்கா கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். மீட்டிங்கில் இருந்த எட்டுப் பேரும் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார்கள். மேடத்தின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

இந்த ஆபீசுக்கு மேனேஜராக வந்து ஒன்பதே நாள். அதற்குள் நண்டாகிவிட்டார்.

மீட்டிங் முடிந்ததும் புரோகிராமரைக் கூப்பிட்டார்.

"ஆபீஸ் ஆப்ல என் பேருக்குப் பக்கத்துல அந்த நண்டுப் படத்தைப் போட்டது யாரு?"

"யாரும் போடல மேடம், அதுவா வருது. புதுசா யார் சேர்ந்தாலும் அவங்க ஊழியர் நம்பரை என் புரோகிராம் எடுத்துக்கும். அஞ்சுக்கு அஞ்சு கட்டம். எந்தக் கட்டத்துல நிறம், எது வெள்ளைன்னு அந்த நம்பரை வச்சு அதுவே முடிவு பண்ணும். இடது பக்கம் எப்படியோ வலது பக்கமும் அப்படியே. ஒருத்தர் படம் இன்னொருத்தருக்கு வரவே வராது." சொல்லும்போதே அவன் முகத்தில் பெருமை வழிந்தது. "உங்க நம்பருக்குக் கொஞ்சம் கால் முளைச்சிடுச்சு."

"கொடுக்கும் முளைச்சிருக்கு!"

அவன் மென்று விழுங்கினான்.

"அக்கா எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க மேடம். கேஷியர் சார் பச்சை ஆமை. நான் மஞ்சள் ஏணி. இங்க யாரும் தப்பா எடுத்துக்கறதில்ல."

"நான் எடுத்துக்கறேன். பேருன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? படத்தையெல்லாம் தூக்கிட்டு, பேரோட முதல் எழுத்தைப் போடுங்க. திங்கட்கிழமைக்குள்ள."

"இருந்துட்டுப் போகட்டுமே மேடம்..."

"ஏன்?"

அவன் தலையைச் சொறிந்தான். தான் எழுதியது என்றால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவது, புரோகிராமர்களுக்கே உள்ள வியாதி என்று மேடம் முடிவு கட்டினார். அவனைப் பணி நிரந்தரம் செய்யும் கடிதம் வேறு அவருடைய கையெழுத்துக்காக மேஜைமேல் கிடந்தது. இரண்டு வருடமாகத் தற்காலிக வேலை. அவன் கண் அந்தக் கடிதத்துக்குப் போய்த் திரும்பியது.

"சரி மேடம்" என்றான்.

திங்கட்கிழமை காலை, ஆபீஸ் முழுக்க எல்லார் திரையிலும் சாம்பல் நிற வட்டத்துக்குள் ஓர் எழுத்து. மேடத்துக்குப் பரம திருப்தி. ஆப்பில் டீக்கு ஒரு தட்டுத் தட்டினார். இரண்டே நிமிடத்தில் கதவு திறந்தது.

"ஊதா நண்டு மேடம், சர்க்கரை இல்லாம!"

மேடம் டீயைத் தொடவில்லை. விறுவிறுவென்று, டீ போடும் பேன்ட்ரிக்கு நடந்தார். யார் டீ கேட்கிறார்கள் என்று காட்ட அங்கே சுவரில் ஒரு டேப்லெட் உண்டு. அதில் ஆமை இருந்தது, ஏணி இருந்தது. நடுநாயகமாக, கால்களைப் பரப்பிக்கொண்டு, நண்டும் இருந்தது.

அறைக்குத் திரும்பிக் கூப்பிட்டதும், புரோகிராமர் மறுபடி வந்து நின்றான்.

"ஒரு வரி சேர்த்திருக்கேன் மேடம். பேன்ட்ரி திரைக்கு மட்டும் பழைய படமே வர்ற மாதிரி."

"அவங்க என்னைக் கிண்டல் பண்றது நின்னுடக் கூடாதுன்னா?"

"அது கிண்டல் இல்ல மேடம்."

"பின்னே என்ன?"

அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க மேடம்."

"அப்படியா? அப்ப பணி நிரந்தரத்தையும் நீங்க என்கிட்ட கேக்காதீங்க. போகலாம்."

ஒரு வார்த்தை கெஞ்சுவான் என்று எதிர்பார்த்தார். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். எவ்வளவு திமிர்!

ஆத்திரம் அடங்குவதற்குள் மேடம் நாலு வரி டைப் செய்தார். மேலிடத்து உத்தரவை மதிக்காததால் நிரந்தரம் இல்லை. உறையில் போட்டு ஒட்டி, மேலே அவன் பெயரை எழுதி முடிக்கவும், டீ அக்கா கோப்பையை எடுக்க வரவும் சரியாக இருந்தது.

"அக்கா, போற வழியில இதைக் குடுத்துடுங்க."

அக்கா ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினார். முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"யாருக்குங்க மேடம்?"

"பேரைத்தான் கொட்டை எழுத்துல எழுதியிருக்கேனே!"

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் சரியாக உட்காரவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"இதுல படம் போடலையா மேடம்?"

மேடம் அக்காவின் கையிலிருந்த உறையைப் பார்த்தார். நாற்பது பேர் ஆபீசில் இன்றுவரை ஒரு கோப்பைகூட ஆள் மாறிப் போனதில்லை என்று எல்லாரும் சொல்லக் கேட்டிருக்கிறார். அது எப்படி என்று இப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

"குடுங்க அதை."

வாங்கி இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். மேஜையில் கிடந்த பழைய கடிதத்தை எடுத்துக் கையெழுத்திட்டு வேறோர் உறையில் வைத்தார். பெயர் எழுதப் பேனாவை எடுத்தவர், கீழே வைத்துவிட்டார். மஞ்சள் மார்க்கரைத் தேடிப் பிடித்து, நெடுக்கே இரண்டு கோடு, குறுக்கே மூன்று கோடு போட்டார்.

அக்காவின் முகம் மலர்ந்தது.

"அட, மஞ்சள் ஏணித் தம்பிக்கா! இதை முதல்லயே சொல்லக் கூடாதா மேடம்?"

"இருங்க அக்கா, போயிடாதீங்க. யார் குடுத்ததுன்னு அவருக்குத் தெரிய வேணாமா?"

உறையை வாங்கி, அனுப்புநர் பெயர் எழுதும் மூலையில் மேடம் சின்னதாக ஒரு நண்டு வரைந்தார்.